டோல்கீனுக்கு முன்னால் மாரிஸ் இருக்கிறார்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மாயாஜாலக் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் இந்த வகைக் கதையே அவரிடம்தான் தொடங்கியது என்பதுபோல முடித்துவிட்டீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருக்கு முன்னால் வில்லியம் மாரிஸ் இருக்கிறார். சுவர்த்தாள், துணி வடிவமைப்புக்குப் பெயர்போன ஆங்கிலேயர். அவர் இறந்த 1896-இல் வெளிவந்த 'உலகக் கோடிக் கிணறு' கதையில், ஒரு சின்ன நாட்டு ராஜாவின் கடைசி மகன் ரால்ஃப் வீட்டில் சொல்லாமல் கிளம்பி, காடு மலையெல்லாம் தாண்டி அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து எதிரிகளிடமிருந்து சொந்த ஊரையே காப்பாற்றுகிறான். டோல்கீன் கதையின் நாயகன் ஃப்ரோடோவும் நண்பர்களும் ஊர் திரும்பி, தங்கள் சொந்த மண்ணான ஷையரை மீட்பது இதைப் படித்தவர்களுக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1914-இல் மாணவராக இருந்தபோது கிடைத்த பரிசுப் பணத்தில் டோல்கீன் வாங்கியது மாரிஸின் புத்தகங்களைத்தான். அதே ஆண்டு, பின்லாந்தின் பழங்கதை ஒன்றை மாரிஸ் பாணியில், நடுநடுவே பாட்டு வைத்து எழுதப் பார்ப்பதாக, பின்னாளில் மனைவியான எடித்துக்குக் கடிதம் போட்டார். அப்புறம் 1960-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் கதையில் வரும் பிணங்கள் கிடக்கும் சதுப்பு நிலம், முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சோம் போர்க்களத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டது, மாரிஸுக்கு அதைவிட அதிகம் கடன்பட்டது என்று அவரே சொல்லிவிட்டார். சோம் போரில் நேரில் நின்றவர் இப்படிச் சொல்கிறார்!

மாரிஸுக்கும் இது வானத்திலிருந்து விழவில்லை. ஐஸ்லாந்துக்கே இரண்டு முறை போனவர், அந்த நாட்டுப் பழங்கதைகளை மொழிபெயர்த்தவர்.

தருமபுரிக்காரர்களான நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். நம் ஊரின் பழைய பெயரைத் தாங்கிய தகடூர் யாத்திரையும் உரைநடையும் பாட்டும் கலந்த நூல்தான், தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரையாசிரியர் அதை எடுத்துக்காட்டாகவே சொல்கிறார். அதியமான் கோட்டையைச் சேரன் முற்றுகையிட்ட கதை. முழு நூல் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிச்சம். அதியமானும் ஔவையும் அந்த நெல்லிக்கனியும் இருக்கும்போது இங்கே எழுதும் பிள்ளைகள் ஏன் டிராகனைத் தேடி வெளியே போகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, கேட்பது இரண்டுதான். மாரிஸைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போடுங்கள். தகடூர் யாத்திரையில் விட்டுப்போன இடங்களைக் கற்பனையால் நிரப்பி நம் மாவட்டத்து இளைஞர் யாராவது எழுதினால், தொடராக வெளியிட இணைப்பில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்