சனிக்கிழமை மட்டும் தொழிலாளி இல்லை: நியூ சவுத் வேல்ஸ் அரசுக்கு ஒரு திறந்த மடல்

தொழிலாளர் நட்டஈட்டுக்குப் பொறுப்பான மாண்புமிகு அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

1998-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விளையாட்டு வீரர்களைத் தொழிலாளர் கணக்கில் சேர்க்காமல் வெளியே நிறுத்தியிருப்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விலக்கை எப்படி நீக்கலாம் என்று மாநில அரசுகள் விளையாட்டு அமைப்புகளோடு கலந்து பார்க்க வேண்டும் என 2023 செப்டெம்பரில் அவுஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் செனட் குழு பரிந்துரைத்தது. ஓராண்டு தாண்டிவிட்டது. பேசினீர்களா? பேசியிருந்தால் எங்கள் காதிலும் கொஞ்சம் போட்டு வைக்கலாமே.

இப்போது எழுதுவதற்குக் காரணம் எங்கள் தெருத் தம்பி ஒருவர். டொங்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு மேற்கு சிட்னியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு றக்பி லீக் கழகத்தின் இரண்டாம் அணியில் ப்ரொப் ஆக, அதாவது எதிரணியோடு முன்னே மோதும் வீரராக, ஆடினார். எந்தக் கழகம் என்பது வேண்டாம், எல்லாக் கழகத்துக்கும் இதே சட்டம்தான். அந்த மட்டத்தில் கிடைக்கும் காசில் சிட்னியில் வாடகை கட்ட முடியாது. அதனால் பகலில் கட்டட வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். தலையில் ஏற்கெனவே பல அடிகள். கடைசியாக விழுந்த அடியோடு வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது, தலைசுற்றல் நிற்கவில்லை. உயரத்தில் ஏறி வேலை செய்யக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆட்டமும் போயிற்று, சம்பளம் தந்த கட்டட வேலையும் போயிற்று. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காசைக் கழகம் கொடுத்தது. அவர் அணிந்த ஜேர்சியைக் கண்ணாடி போட்டும் கொடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் களஞ்சியசாலையில் வேலை செய்தபோது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு, நட்டஈடு வாங்கினேன். அது அவருடைய அம்மாவுக்குத் தெரியும். போன மாதம் வீட்டுக்கு வந்து, “அண்ணா, உங்களுக்குத் தந்தார்களே, அந்தப் படிவம் எங்கே எடுப்பது?” என்று ஆங்கிலத்தில், ஆனால் நம் வழக்கப்படி அண்ணா என்றே கூப்பிட்டுக் கேட்டார். உங்கள் மகனுக்கு அந்தப் படிவம் இல்லை அக்கா என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் அனுப்புகிறேன்.

அதே பையன் செவ்வாய்க்கிழமை சாரத்திலிருந்து விழுந்து அதே தலையில் அடிபட்டிருந்தால் முதல் 13 வாரங்களுக்குச் சம்பளத்தில் 95 சதவீதம் வரை வந்திருக்கும். வைத்தியச் செலவும் வந்திருக்கும். சனிக்கிழமை, கழகம் காசு கொடுத்து இறக்கிய மைதானத்தில் அடிபட்டதால் ஒன்றும் இல்லை. 1978-ஆம் ஆண்டின் விளையாட்டுக் காயக் காப்புறுதி இருக்கிறதே என்று உங்கள் அதிகாரிகள் நினைவுபடுத்துவார்கள். நிரந்தர இழப்புக்கு ஒரு மொத்தத் தொகை தருகிற திட்டம் அது. வேலைக்குப் போக முடியாத வாரங்களின் சம்பளம் அதில் கிடைக்காது.

இன்னொரு வேடிக்கை. காசுக்காக வளையத்தில் இறங்கும் குத்துச்சண்டைக்காரரை உங்கள் சட்டம் தொழிலாளியாக ஏற்றுக்கொள்கிறது. மல்யுத்தக்காரரையும், குதிரை ஓட்டும் ஜொக்கியையும் அப்படியே. ப்ரொப் போன்ற முன்வரிசை வீரரான றக்பி லீக் ஃபோர்வர்ட் என்றால் மட்டும் கதவு மூடிக்கொள்கிறது. தலையில் வாங்குகிற விடயத்தில் அவர் குத்துச்சண்டைக்காரருக்கு எந்த விதத்தில் குறைந்தவர்?

ஆட்டம் பார்க்கிற உங்களுக்கு ஃபோர்வர்ட்டின் வேலை தெரியும். ஆட்டம் தொடங்கும் உதையை அடிக்கடி ஒரு ப்ரொப்தான் பிடிக்கிறார். தன் கோல் கோட்டருகே பந்தை வாங்கி முழு வேகத்தில் முன்னே ஓடுகிறார். எதிரில் பதின்மூன்று பேர் முழு வேகத்தில் வருகிறார்கள். பலருக்கு நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. சுற்றி ஓட அவருக்கு அனுமதி இல்லை, மோதத்தான் சம்பளம். அப்புறம் பந்து எதிரணிக்குப் போனதும் டக்கிள், அதாவது ஓடி வருகிறவரைப் பிடித்து விழுத்துவது, எழும்பி பத்து மீட்டர் பின்வாங்கல், மீண்டும் டக்கிள். 2016-இல் மாற்று வீரர் இறங்கும் எண்ணிக்கையைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தார்கள். 2020-இல் சில தவறுகளுக்குப் பெனல்டிக்குப் பதில் ‘சிக்ஸ் எகெய்ன்’ வந்தது, ஆட்டம் நிற்காமல் ஆறு டக்கிள் கணக்கு மறுபடி தொடங்கும். ஆட்டம் வேகமாகி ரசிகர்களான நாங்கள் கைதட்டினோம். மூச்சு வாங்க நேரமில்லாமல் போனது ஃபோர்வர்டுகளுக்குத்தான். களைத்த கழுத்து தலையை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

உச்சத்தில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி. மாநில அணிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தலைவராக இருந்த செகண்ட்-ரோ வீரர் (அதுவும் ஃபோர்வர்ட் இடம்தான்) போய்ட் கோர்ட்னர், 2020 நவம்பரில் அடிலெய்டில் தலையில் அடி வாங்கி வெளியே போய், பரிசோதனையில் தேறி, திரும்பவும் இறங்கி ஆடினார். அடுத்த ஆண்டு 29 வயதில் ஓய்வு. கன்டர்பரிக் கழகத்தின் செகண்ட்-ரோ ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018-இல் 59 வயதில் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தபோதுதான், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சி.டி.ஈ. என்ற மூளை நோய் தெரிந்தது. 1991 இறுதியாட்டத்தில் பென்ரித் கழகத்துக்காக இரண்டு ட்ரை (கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளி) போட்டு விடைபெற்ற ஹூக்கர், அவரும் ஒரு ஃபோர்வர்ட், ரொய்ஸ் சிமன்ஸ், தனக்கு மறதி நோய் என்று 2022-இல் வெளியே சொன்னார். பெயர் தெரிந்தவர்கள் என்பதால் இவர்களைப் பற்றிப் பத்திரிகை எழுதியது. எங்கள் தெருத் தம்பியைப் பற்றி யார் எழுதுவார்கள்?

பல ஆண்டுகள் கழித்து வரும் நோய்க்கு எப்படி நட்டஈடு கணக்கிடுவது என்று தயங்குகிறீர்களா? தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இந்த மாநிலம் 1942-இலேயே தனிச் சட்டம் போட்டது. அந்த நோயும் வேலையை விட்டுப் பல வருடம் கழித்து வருகிற நோய்தான். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் இருந்தவர்களுக்குத் தெரிந்த வழி உங்களுக்குத் தெரியாதா?

காசு இல்லை என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். பரமட்டா மைதானத்துக்கு 360 மில்லியன் டொலர், மூர் பார்க் மைதானத்துக்கு 828 மில்லியன் டொலர் போட்டவர்கள் நீங்கள். அந்தக் கட்டடங்கள் எழுந்தபோது சாரத்தில் ஏறிய ஒவ்வொருவருக்கும் காப்புறுதி இருந்தது, அது நியாயம். கட்டி முடித்த பிறகு அதற்குள் இறங்கி மோதுகிறவருக்கு மட்டும் இல்லை. குயின்ஸ்லாந்தோடு நம் மாநில அணி மோதும் ஒரிஜின் வாரம் வந்தால் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்த அணியின் நீல ஜேர்சி போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கிறீர்கள். பந்தய நிறுவனங்களின் விளம்பரம் பாதி ஆட்டத்தை மறைக்கிறது, அந்த நிறுவனங்கள் கட்டும் பந்தய வரியும் உங்கள் பெட்டிக்குத்தான் வருகிறது. நீலத்தின் மீது இவ்வளவு அன்பு இருந்தால் அதை மாட்டிக்கொண்டு ஓடுகிறவனின் தலைமீதும் கொஞ்சம் இருக்கக் கூடாதா?

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன். கேட்பது ஒன்றே. அந்த விலக்கை நீக்குங்கள். பெரிய கழகங்கள் பணம் கட்ட மறுக்கும், சின்னக் கழகங்கள் தாங்காது என்று வாதம் வரும். அதற்குத்தான் பேச்சுவார்த்தை. காப்புறுதிக் கட்டணத்தை யார் எவ்வளவு ஏற்பது என்று றக்பி லீக் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். காசு வாங்கி ஆடுகிற இரண்டாம் அணிக்காரரை விட்டுவிட்டு முதலணிக்கு மட்டும் சட்டம் எழுதாதீர்கள். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து வரும் மூளை நோயையும் அதில் சேருங்கள். சட்டம் மாறும்வரை, அடிபட்டு வேலையிழந்தவர்களின் வைத்தியச் செலவுக்கு ஓர் இடைக்கால ஏற்பாடாவது செய்து தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை. சட்டமன்றத்தில் எழுந்து சொன்னால் போதும், நான் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பெண்டில் ஹில்லில் வசிக்கும் ஒரு பரமட்டா ரசிகன்