மோரிட்டானியாவின் கடைசி அரசர் தாலமிக்கு

பெருமதிப்பிற்குரிய அரசர் தாலமி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பாட்டி எகிப்தின் கிளியோபாட்ராவை அறியாதவர் இங்கே இல்லை. பேரனைப் பற்றிக் கேட்டால்தான் பலரும் விழிக்கிறார்கள். கேள்விப்பட்ட சிலருக்கும் தெரிந்தது ஊதா மேலாடைக் கதை மட்டுமே. தாங்கள் காட்சி அரங்கிற்குள் நுழைந்தபோது மேலாடையின் பளபளப்பில் கூட்டம் முழுவதும் தங்கள் பக்கம் திரும்பியதாம். ரோமப் பேரரசன் கலிகுலா பொறாமை தாளாமல் தங்களைக் கொல்ல ஆணையிட்டானாம். ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்தது இது. ஓர் அரசரின் சாவை ஒரு துணியின் நிறத்தோடு முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

தங்கள் பெற்றோர் இருவருமே ரோமின் வெற்றி ஊர்வலங்களில் காட்சிப்பொருளாக்கப்பட்ட குழந்தைகள். நுமிடிய அரசரின் மகனான தந்தை ஜூபா, கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசரின் ஊர்வலத்தில், கைக்குழந்தையாக. கிளியோபாட்ராவின் மகளான தாய் செலீனி, கி.மு. 29-இல், அந்த அரசியை வென்ற ஆக்டேவியனின் ஊர்வலத்தில். இருவரையும் ரோமிலேயே வளர்த்தார்கள். பிறகு கி.மு. 25-இல், அகஸ்டஸ் என்ற பெயரில் பேரரசர் ஆகிவிட்ட அதே ஆக்டேவியன், ஜூபாவுக்கு மோரிட்டானியாவைக் கொடுத்தார். இன்று அந்தப் பெயரில் தெற்கே இருக்கும் நாடு வேறு. தங்கள் நாடு இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா இரண்டின் வடபகுதிகளில் இருந்தது. தாத்தா ஆண்ட நுமிடியாவோ அதற்குள் ரோமின் மாகாணமாகிவிட்டிருந்தது. ஆக, தங்கள் வீட்டு அரியணை பரம்பரைச் சொத்து அல்ல, கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தர வேண்டிய ஒன்று. ஜூபா தலைநகர் இயோலுக்குச் சீசரியா என்று பெயர் மாற்றியதும் அந்தக் கடனுக்கான வட்டிதான்.

ஆனால் செலீனி அம்மையாரை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு. கணவரின் நாணயங்கள் லத்தீனில் 'ஜூபா அரசர்' என்கின்றன. அவருடைய நாணயங்களோ கிரேக்கத்தில் 'அரசி கிளியோபாட்ரா' என்கின்றன, சிலவற்றில் நைல் நதியின் முதலையும் உண்டு. தாயை வென்றவரின் தயவில் வாழ்ந்துகொண்டே தாயின் பெயரை நாணயத்தில் பொறித்தவர் அவர். மகனுக்கு எகிப்திய அரச குலத்தின் பெயரே வந்ததிலும் அவருடைய கைதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தங்களிடம் கருணை காட்டவில்லை. இளம் வயதில் தாங்கள் பொறுப்பில்லாமல் இருந்ததாகவும், அரண்மனையில் விடுதலை பெற்ற அடிமைகளின் அதிகாரம் கொடிகட்டிப் பறந்ததாகவும், அதைப் பொறுக்காத தங்கள் நாட்டு மூர் மக்கள், ரோமை எதிர்த்துப் போரிட்ட கிளர்ச்சித் தலைவன் டக்ஃபரினாஸுடன் சேர்ந்ததாகவும் எழுதுகிறார். ஆனால் கி.பி. 24-இல் அந்தப் போர் முடிந்ததில் தங்கள் படையின் பங்கை அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்காக ஒரு செனட்டர் தந்தச் செங்கோலையும் பூவேலைப்பாடுள்ள அங்கியையும் சுமந்து வந்து, தங்களை அரசர், கூட்டாளி, நண்பர் என்று அழைத்தார். போரை நடத்திய ரோமானியத் தளபதி டொலபெல்லாவுக்கே வெற்றிச் சின்னங்களை அன்றைய பேரரசர் திபேரியஸ் மறுத்துவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பதினாறு ஆண்டுகளில் அந்த நட்பு என்னவாயிற்று? கி.பி. 40-இல் கலிகுலா தங்களை வரவழைத்தான். தங்களிடம் இருந்த செல்வத்தை அறிந்ததும் கொன்றான் என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. எனக்கு இந்தக் காரணம்தான் பொருந்துகிறது. நிறைந்த கருவூலம், வாரிசுச் சண்டைக்கு ஆள் இல்லாத அரியணை, எகிப்திய ரத்தம்: மேலாடை எந்த நிறத்தில் இருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

கொன்றவன் அந்நியனும் அல்ல. தங்கள் தாயும் கலிகுலாவின் பாட்டி அன்டோனியாவும் மார்க் ஆன்டனிக்குப் பிறந்த சகோதரிகள், தாய்மார்தான் வேறு. எங்கள் உறவுக் கணக்கில் கலிகுலா தங்களுக்கு மகன் முறை. அவனுக்குப் பின் வந்து, தங்கள் நாட்டை இரண்டு மாகாணங்களாகப் பிரித்த கிளாடியஸ் சகோதர முறை.

இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது, ஆனால் தங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் உண்டு. தங்கள் சாவுக்குப் பழிவாங்க மோரிட்டானியாவில் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கச் சென்ற சூட்டோனியஸ் பாலினஸ் என்ற ரோமானியத் தளபதி (வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் அல்ல, வேறொருவர்) அட்லஸ் மலையையே கடக்க நேர்ந்தது. தங்கள் நாட்டின் வொலுபிலிஸ் நகரத்தார் மட்டும் ரோமின் பக்கம் நின்று குடியுரிமையைப் பரிசாகப் பெற்றார்கள். தங்களுக்காக வாளெடுத்தவர் பெயர் ஏடமோன். டாசிட்டஸ் முகம் சுளித்தாரே, அந்த விடுதலை பெற்ற அடிமைகளில் ஒருவர்.

அன்புடன்,
தங்கள் கதையை விடாமல் தேடிப் படிக்கும் ஒருத்தி