பூமி பூஜை கான்ட்ராக்டரோடது, கவர்மெண்டோடது இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு விழாவுல பூஜை பண்ணலாமா கூடாதான்னு அப்பப்போ ஒரு சண்டை கிளம்புது. நான் பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்குத் தெரிஞ்சு எந்த எஸ்டிமேட்லயும் பூஜைக்குன்னு காசு போட்டதில்ல, ஐயர் தட்சணை, மாலை, தேங்காய், பூசணிக்காய் எல்லாமே கான்ட்ராக்டர் கைக்காசுதான். வேலையில யாருக்கும் அடிபடக்கூடாது, பில்லு சீக்கிரம் பாஸ் ஆகணும், அவர் வேண்டுதல் அவருக்கு, அதுல தப்பே சொல்ல மாட்டேன். ஆனா அதே பூஜைய ஷாமியானா போட்டு, கலெக்டரும் எம்எல்ஏவும் வர்ற நேரத்துக்கு வச்சு, மஞ்சள் குங்குமம் வச்ச செங்கல்லை அவங்க கையில குடுத்தா அது கவர்மெண்ட் பூஜை ஆயிடுதுல்ல? கற்பூரத் தட்டு சுத்தி வரும்போது ஒரு முஸ்லிம் ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) போனை காதுல வச்சுக்கிட்டு நைசா நகர்ந்து போவார், பலதடவை பார்த்திருக்கேன்.

2022ல தருமபுரி எம்பியா இருந்த செந்தில்குமார் ஒரு ஏரி வேலை தொடக்கத்துல ஐயர் மட்டும் இருந்ததைப் பார்த்துட்டு ஃபாதர் எங்க, இமாம் எங்க, திராவிடர் கழகத்துக்காரங்க எங்கன்னு அதிகாரிகிட்ட கேட்டார். கோபம் நியாயம்தான், ஆனா எல்லாரையும் கூப்பிடறதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. அப்படிப் பார்த்தா சமணர், பௌத்தர், எங்க ஊர் முனியப்பன் கோயில் பூசாரி எல்லாரும் மேடைக்கு வரணும், அடிக்கல் நட சாயங்காலம் ஆயிடும். 2023 மே 28 புது நாடாளுமன்றத் திறப்புல சர்வமத பிரார்த்தனையும் நடந்துச்சு, ஆனா பிரதமர் உட்கார்ந்தது ஹோமத்துலதான், கையில வாங்கினது ஆதீனங்கள் குடுத்த செங்கோலைத்தான்.

பதவிப் பிரமாணத்துல இதுக்கு எப்பவோ வழி சொல்லியாச்சு. கடவுள் பேரால சொல்றவங்க அப்படி சொல்லலாம், இல்லாதவங்க உளமார உறுதி கூறலாம், 2021ல ஸ்டாலின் அப்படித்தான் பதவி ஏத்துக்கிட்டார். அது அவங்கவங்க வாயால சொல்றது, கூட்டத்துல நிக்கிறவங்க யாரும் கன்னத்துல போட்டுக்க வேண்டியதில்ல. 2024 மார்ச்சுல புனே பக்கம் ஒரு கோர்ட் கட்டட விழாவுல அப்போ சுப்ரீம் கோர்ட் நீதிபதியா இருந்த அபய் ஓகா கூட, பூஜைய விட்டுட்டு அரசியல் சாசன முகவுரைக்கு முன்னாடி தலை வணங்கி ஆரம்பிக்கலாம்னு சொன்னார்.

என் கோரிக்கை சின்னது. அழைப்பிதழ்லயும் நிகழ்ச்சி நிரல்லயும் பூஜை வேணாம். கான்ட்ராக்டர் விடியக்காலையில நல்ல நேரம் பார்த்து தன் ஆளுங்களோட முடிச்சுக்கட்டும், மந்திரி கார் வர்ற வரைக்கும் ஐயர் வெயில்ல காத்துக் கிடக்கறதாவது மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்