ஒன்பதா ஏழா?

ஆசிரியருக்கு,

பழைய ராணுவ வண்டிகளின் அணிவகுப்பு பற்றிய படச் செய்தி பார்த்தேன். 'இரண்டாம் உலகப் போர் ஜீப்' என்று நீங்கள் போட்டிருப்பது, பொதுமக்களுக்காக 1945-ல் வந்த சிஜே-2ஏ என்ற ஜீப். முன்பக்கம் காற்று புக ஏழு திறப்புகள், பின்னால் இறக்கும் கதவு. போரில் ஓடிய வில்லிஸ் எம்பி-யில், 1942 முதல் வந்த முன்பக்கத் தகட்டில் ஒன்பது திறப்புகள்; பின்கதவே கிடையாது.

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பளபளக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து, வெள்ளை நட்சத்திரம் ஒட்டினால் போர் வண்டி என்று காட்சிக்கு வைப்பவர்களே நினைக்கிறார்கள். அசல் பெயின்ட் மங்கலானது. பளபளத்தால் எதிரி கண்ணில் படும் அல்லவா!

மெக்கானிக்காக இருந்தவன் என்பதால், பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பது என் வழக்கம். எம்பி-யின் ஹெட்லைட் கீல் வைத்தது. நட்டைக் கையாலேயே தளர்த்தி விளக்கைப் பின்னால் மடக்கினால் இன்ஜின் மீது வெளிச்சம் விழும்; இருட்டில் பழுது பார்க்கலாம். பெட்ரோல் டேங்கோ டிரைவர் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் ஊற்ற அவர் எழுந்தே ஆக வேண்டும். அதே ஜீப்பை ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற பெயரில் தயாரித்தது. அதன் போல்ட் தலைகளில் 'எஃப்' எழுத்து இருக்கும்.

அணிவகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தப் பாகம் அசல், எது புதிது, 6 வோல்ட் மின்சுற்றை 12-க்கு மாற்றினீர்களா என்று வண்டி முன்னால் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். மாற்றியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்