இல்லாத நாக்கிங்குக்காக என் காரின் டைமிங்கைக் குறைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்: சுங்கை சிப்புட் வாடிக்கையாளர் (பெயர், முகவரி, கார் எண் ஆகியவை இணைத்துள்ள ரசீதுகளில் உள்ளன)

பெறுநர்: நிர்வாகி, தலைமை அலுவலகம்

பொருள்: தங்கள் ஈப்போ கார் பட்டறைக் கிளையில் செய்த தவறான டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வேலை, பணத்தைத் திருப்பித் தரவும் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் கோருதல்

ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். வேலை ஈப்போவில். கந்தான், செம்மோர் வழியாகப் போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் இதே காரில்தான். நம் நாட்டில் செய்த 1.3 லிட்டர் கார். 2011-இல் வாங்கியது. இன்றுவரை எஞ்சினைத் திறந்ததில்லை.

கடந்த மார்ச் மாதம் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) காற்று கசிந்தது. தங்கள் கிளையில் கேஸ்கெட் மாற்றினார்கள், 280 ரிங்கிட். அந்த வேலை நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றாவது வாரம் கார் மந்தமாகிவிட்டது. தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் ஒரு செம்மண் ஏற்றம் உண்டு. மழை பெய்தாலும் இரண்டாம் கியரில் ஏறிவிடும் கார், காய்ந்த மண்ணிலேயே முதல் கியர் கேட்டது.

திரும்பவும் கிளைக்குப் போனேன். மடிக்கணினியைப் பொருத்தி எஞ்சினை ஓட விட்டார்கள். திரையில் சிவப்புக் கோடுகள் எழும்பின. "அண்ணே, எஞ்சின் பயங்கரமா நாக்கிங் ஆகுது, இப்படியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாயிடும்" என்றார் அங்கிருந்த தம்பி. பயந்துவிட்டேன். 850 ரிங்கிட்டுக்கு ஒரு பிக்கிபேக் பெட்டியை (எஞ்சின் கணினிக்குப் போகும் சைகையை மாற்றும் கூடுதல் மின்னணுப் பெட்டி) வைத்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் டைமிங்கை 6 டிகிரி பின்னுக்குத் தள்ளினார்கள். சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள். போனபோது, எஞ்சினை முழுவதும் இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும், 4,600 ரிங்கிட் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

என் புகார் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

நாக்கிங் என்பது, தீப்பொறி பற்ற வைத்த தீ பரவி முடிவதற்குள் சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே ஒரேயடியாக வெடிப்பது. தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தால் உச்ச அழுத்தமும் சூடும் குறையும், நாக்கிங்கும் குறையும். உண்மையான நாக்கிங்காக இருந்தால் 6 டிகிரி தள்ளிய பிறகு கண்டிப்பாக மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு எடுத்த அச்சுத்தாளையும் பின்பு எடுத்த அச்சுத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டையும் இணைத்திருக்கிறேன். கோடுகள் அதே 3,000 முதல் 3,400 சுற்றுக்குள், அதே உயரத்தில் நிற்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதிவின் முதல் பகுதி கார் நின்றுகொண்டிருந்தபோது, நியூட்ரலில் எடுத்தது. வேகம் பூஜ்யம். சுமையே இல்லாத எஞ்சினில் சிலிண்டருக்குள் போகும் காற்று மிகக் குறைவு. நாக்கிங் வருவது ஏற்றத்தில், கியர் போட்டு மிதிக்கும்போது. நின்ற இடத்தில் சும்மா ரேஸ் கொடுத்ததற்கே சிவப்பு வருகிறது என்றால், நாக்கிங்கைக் கேட்க எஞ்சினில் வைத்திருக்கும் சென்சார் வேறு எதையோ கேட்கிறது என்ற சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

நானும் என்னால் ஆன சோதனையைச் செய்தேன். இரண்டு முழு டாங்க் ரோன் 97 பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன். ஆக்டேன், அதாவது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, கூடினால் உண்மையான நாக்கிங் அடங்க வேண்டும். அதே எஞ்சின், அதே மந்தம். கிளையில் மறுபடி பார்த்தபோது அதே சிவப்பு. இதையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். "அப்போ கண்டிப்பா உள்ளே கோளாறுதான்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம்தான் மாமாவிடம் போனேன். மாமா 31 வருடம் தோட்டத்து ஃபேக்டரியில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தவர். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, டைமிங் லைட் அடித்துப் பார்த்த காலத்து ஆள். கணினி எதுவும் அவரிடம் இல்லை. ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோடு ஒட்டி, முனையை எஞ்சினில் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். என்னை 3,200 சுற்றில் பிடித்து வைத்திருக்கச் சொன்னார். புகைக்குழாய் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடியிருக்கும் வெப்பத் தகட்டின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து அழுத்தினார். சலசலவென்று வந்த சத்தம் அறுந்தது போல நின்றது. கட்டையை எடுத்ததும் திரும்ப வந்தது. மூன்று போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து உடைந்திருந்தது.

மாமா அதோடு விடவில்லை. மார்ச்சில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினார்களே, அதன் அடியில்தானே நாக் சென்சார் இருக்கும் என்றார். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்ளே பார்த்தோம். சென்சாருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் ஒரு புத்தம்புது ஸ்பிரிங் வாஷர் பளபளத்தது. மார்ச் மாதத்து வேலையில் போட்டது. வேறு யாரும் அங்கே கை வைக்கவில்லை.

நடுவில் போல்ட் போகும் இந்தத் தட்டையான சென்சார் உள்ளே ஒரு பீசோ படிகத்தை வைத்திருக்கிறது. எஞ்சினின் அதிர்வு அந்தப் படிகத்தை அழுத்தும்போது மின்னழுத்தம் பிறக்கும். 72 மில்லிமீட்டர் சிலிண்டரில் நாக்கிங்கின் அதிர்வு ஏறக்குறைய 8 கிலோஹெர்ட்ஸில் வரும். சென்சாரின் உலோகப் பரப்பு பிளாக்கின் சுத்தமான பரப்போடு நேராக ஒட்ட வேண்டும். இத்தகைய சென்சாரைச் செய்யும் போஷ் நிறுவனம் வாஷர் எதுவும் போடக் கூடாது என்றும், 20 நியூட்டன் மீட்டர், 5 கூடலாம் அல்லது குறையலாம், என்ற அளவில் முறுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாஷர் நடுவில் இருந்தால் சென்சாரே தனியாக ஆடும். பக்கத்தில் ஒரு தகடும் சலசலத்தால் அந்தச் சத்தத்தை நாக்கிங் என்று எஞ்சின் கணினி நம்பிவிடும். நம்பி, தானாகவே டைமிங்கைக் குறைக்கும். மூன்றாவது வாரம் கார் ஏறாமல் போனதன் காரணம் இதுதான். தங்கள் கிளை அதற்கு மேலும் 6 டிகிரி குறைத்தது.

வாஷரை எடுத்து, பரப்பைத் துடைத்து, இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். தகட்டுக்குப் புது போல்ட். செலவு 4 ரிங்கிட். பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தோம். நீண்ட நாள் கடுமையான நாக்கிங் இருந்த எஞ்சினில் வெள்ளைப் பீங்கானின் மேல் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருக்கும். நான்கு பிளக்கும் சுத்தமாக இருந்தன. அதன் பிறகு போனில் ஓ.பி.டி. கருவி (எஞ்சின் கணினி சொல்வதைப் படிக்கும் கருவி) வைத்துப் பார்த்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு தள்ளாடிய டைமிங் இப்போது 28 டிகிரியில் அசையாமல் நிற்கிறது.

ஆனால் அந்த 28 உண்மை இல்லை. தங்கள் பெட்டி, எஞ்சின் தண்டு எந்த இடத்தில் சுழல்கிறது என்று சொல்லும் கிராங்க் சென்சாரின் சைகையைத் தாமதப்படுத்தி அனுப்புவதால், எஞ்சின் கணினிக்கே அந்த 6 டிகிரி தெரியாது. சிலிண்டருக்குள் தீப்பொறி விழுவது 22-இல். தீ தாமதமாகப் பற்றுவதால், எரிந்த புகை கூடுதல் சூட்டோடு வெளியே போகிறது. இழுவை குறைகிறது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் தேவையில்லாமல் சூடாகின்றன. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த கார் 11 கொடுக்கிறது. மாதம் 26 நாள் வேலைக்குப் போகிறேன். லிட்டர் 1.99 ரிங்கிட் மானிய பெட்ரோலிலேயே கணக்குப் போட்டாலும் மாதம் 60 ரிங்கிட் கூடுதல் செலவு.

இதை நானே சரிசெய்ய முடியவில்லை. பெட்டியைத் தங்கள் கிளை கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டேன், தர முடியாது என்றார்கள். பெட்டியைக் கழற்றித் தரச் சொன்னேன், வயர்களை வெட்டி இணைத்திருப்பதால் அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். என் காரின் வயரை எனக்குச் சொல்லாமல் வெட்டியது எந்த விதத்தில் நியாயம்?

ஆகவே நான் கேட்பது இவை. பெட்டியைக் கட்டணமில்லாமல் அகற்றி, வெட்டிய வயர்களை ஒழுங்காக இணைத்து, காரைப் பழைய டைமிங்குக்குக் கொண்டுவர வேண்டும். 850 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும். ஓவர்ஹால் தேவை என்று எழுதிக் கொடுத்த அறிக்கை தவறு என்று எழுத்தில் தர வேண்டும், ஏனென்றால் நாளைக்கு இந்தக் காரை விற்கும்போது அந்தத் தாள் என்னைத் துரத்தும். கேஸ்கெட்டுக்குக் கொடுத்த 280 ரிங்கிட்டை நான் கேட்கவில்லை. அந்தக் கசிவு உண்மையில் நின்றது.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே மனுக் கட்டணம் 5 ரிங்கிட். அச்சுத்தாள்கள், ரசீதுகள், கழற்றிய வாஷரின் படம் எல்லாம் தயாராக இருக்கின்றன.

அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மரியாதையாகப் பேசினார், என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. திரையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எஞ்சினைக் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இதற்காக அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மார்ச் மாதம் அந்தக் கிளையில் மேனிஃபோல்ட் கழற்றிய மற்ற கார்களின் பட்டியலை எடுத்து, சென்சாருக்கு அடியில் வாஷர் இருக்கிறதா என்று அழைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு மாமா இருந்தார். மற்றவர்கள் இந்நேரம் ஓவர்ஹாலுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் காரைக் கொண்டுவர என்னால் முடியும். பெட்டியை அகற்றும்போது மாமாவும் உடன் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்

இணைப்பு: ரசீதுகள் 2, அச்சுத்தாள்கள் 2, ஓவர்ஹால் அறிக்கை 1, வாஷர் மற்றும் பிளக்குகளின் படங்கள் 5