வேகவைத்தாலும் போகாத நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, நீரில் பாசி பெருகும் காலத்தில் மீனை நன்கு கழுவி, நன்கு வேகவைத்து உண்டால் அச்சமில்லை என்று முடிந்திருந்தது. கிருமிகளைப் பொறுத்தவரை அது நல்ல அறிவுரைதான். பாசி நஞ்சோ கிருமி அன்று, வேதிப்பொருள். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் அதன் வீரியம் போவதில்லை. மீனின் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை என்பதால், மீன் வாங்கிப் பழகிய கண்ணும் மூக்கும்கூட இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் இறந்த பவளத்தின் மேலும் கடற்பாசிகளின் மேலும் ஒட்டி வளரும் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர்ப் பாசியை எடுத்துக்கொள்வோம். அப்பாசிகளை மேயும் சிறு மீன்களின் உடலுக்குள் அதன் நஞ்சு செல்கிறது. கொழுப்பில் கரைவது என்பதால் எளிதில் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. அத்தகைய மீன்களை ஆண்டுக்கணக்கில் தின்று வளரும் சீலா, களவா, கடல் விலாங்கு போன்றவற்றின் உடலில் நஞ்சு சேர்ந்துகொண்டே போவதோடு, மீனின் உடலுக்குள்ளேயே வேதிமாற்றம் அடைந்து முன்னிலும் கொடிய சிகுவாடாக்சின் என்ற நஞ்சாகவும் ஆகிறது. மீனிடம் நோயின் அறிகுறி எதுவும் தென்படாது. பசிபிக் பெருங்கடல் வகை சிகுவாடாக்சினுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு, ஒரு கிலோ மீனுக்கு 0.01 மைக்ரோகிராம்; அதாவது ஒரு லட்சம் டன் மீனில் ஒரு கிராம். இவ்வளவு சிறிய அளவைச் சமையலறையில் எப்படி அறிவது? வாந்தி, வயிற்றுப்போக்கோடு, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோல எரியும் விசித்திர உணர்வும் இந்நஞ்சேறிய மீனை உண்டோருக்கு வரும் நோயில் உண்டு. நரம்புத் தொல்லைகள் மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

எல்லாப் பாசி நஞ்சும் இப்படியே நடந்துகொள்வதில்லை என்பதையும் கட்டுரை கவனிக்கவில்லை. டோமோயிக் அமிலம் என்ற மற்றொரு பாசி நஞ்சு நீரில் கரைவது. மத்தி, நெத்திலி போன்ற மீன்களில் அது பெரும்பாலும் குடலிலேயே தங்குவதால், குடலை நீக்குவது ஓரளவு பயன்தரும். ஆனால் மட்டி, சிப்பி வகைகளை நாம் முழுதாக உண்கிறோம். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த, இந்நஞ்சேறிய சிப்பிகளை 1987இல் உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் இறந்தனர், பிழைத்தவர்களில் சிலர் நினைவாற்றலை இழந்தனர். ஏரி, குளங்களில் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு, மீனின் தசையைவிட ஈரலிலும் குடலிலும் மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே குடலை நீக்கும் பழக்கம் சில நஞ்சுகளைக் குறைக்க உதவலாம். சதையிலேயே கலந்துவிட்ட சிகுவாடாக்சினுக்கு அது போதாது.

எனவே, வேகவைத்தல் பற்றிய அவ்வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். பவளப்பாறைப் பகுதியில் பிடிபட்ட மிகப் பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது, எந்த மீனாயினும் அதன் ஈரலையும் முட்டையையும் குறைத்துக்கொள்வது, பாசி எச்சரிக்கை உள்ள நீர்நிலைகளில் மட்டி, சிப்பி எடுக்காதிருப்பது ஆகிய மூன்றையும் அதனிடத்தில் சேர்க்கலாம். மீன் உண்ட சில மணி நேரத்தில் உதடு மரத்துப்போனால், மருத்துவரிடம் செல்வோர் என்ன மீன், அதன் எந்தப் பகுதியை உண்டது, எங்கே பிடித்தது என்பதைச் சொல்லவும், மீதமிருக்கும் துண்டைக் கொட்டிவிடாமல் குளிரில் வைக்கவும் வேண்டும் என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்