முள்ளை எடுத்துவிடு

கண்ணு,

உன் கதை வந்து இருபது நாளாகிறது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அத்தையாகப் படித்தேன். இரண்டாம் தடவை, மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளாக. போனில் "நல்லாருக்கு சாமி" என்று சொன்னேன் இல்லையா, அது பாதிதான். மீதியைப் போனில் ஆரம்பித்தால் "சரி அத்தை, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். பொதுவில் போடட்டுமா என்று உன்னிடம் கேட்டாயிற்று, உன் பேரையும் போடவில்லை. கற்காலத்தையும் ஓநாயையும் வைத்துக் கதை எழுத ஆசைப்படுகிற இன்னும் நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

ரைன் ஆற்றங்கரைக் குளிரை நீ எழுதியிருக்கும் விதம் பிடித்தது. கொழுப்பு விளக்கின் புகை, ஈரத் தோலின் நாற்றம், இதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. என் சண்டை ஓநாயோடுதான்.

இரண்டாம் அத்தியாயம். பையன் ஆற்றோரம் போகிறான். வளர்ந்த ஓநாய் ஒன்று காலில் முள் தைத்துப் படுத்திருக்கிறது. அவன் பிடுங்குகிறான், அது கையை நக்குகிறது, ராத்திரிக்குள் அவன் காலடியில் வந்து படுத்துவிடுகிறது. சிங்கத்தின் காலில் முள் எடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே முள். காலில் ஆணி குத்தின வீட்டு நாயையே நான் வாயைக் கட்டாமல் தொட்டதில்லை. என் இடது கட்டைவிரல் தழும்பு உனக்குத் தெரியும். அது எசமானர் மடியில் தலை வைத்திருந்த நாய் கடித்தது. பத்து வருஷம் சோறு போட்டவர் மடி! வலி வந்தால் நாய்க்கே முறை தெரியாது. வளர்ந்த காட்டு ஓநாய்க்கு உன் பையன் யார்?

ஓநாயைப் பழக்க வேண்டுமென்றால் கண் திறக்கும் பருவத்திலேயே பிடித்துவிட வேண்டும். பிறந்து பன்னிரண்டு, பதினான்கு நாளில் குட்டி கண் திறக்கும். காது கேட்க இன்னும் சில நாளாகும். மூன்று வாரம் தாண்டினால் மனிதரிடம் பழக்குவது கஷ்டமாகிவிடும். ஆஸ்திரியாவில் 2008-ல் தொடங்கிய ஓநாய் ஆராய்ச்சி மையம் ஒன்று எர்ன்ஸ்ட்பிரூன் என்ற ஊரில் நடக்கிறது. அங்கே குட்டிகளைப் பத்து நாள் வயசு வாக்கில் தாயிடமிருந்து எடுத்து, பால் புட்டியில் ஊட்டி, ராப்பகலாகக் கூடவே படுத்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்ததும் ஓநாய்தான், நாயாகிவிடாது. ஆனால் பழகும், வந்து உரசும், முகத்தை நக்கும்.

இப்போது யோசி. உன் கதை நடக்கும் காலத்தில் பால் புட்டி கிடையாது. ஆடு கிடையாது, மாடு கிடையாது. காட்டு மானைப் பிடித்துக் கறக்கவா முடியும்? கண் திறக்காத குட்டிக்கு அந்தக் குகையில் இருந்த ஒரே பால் பிள்ளை பெற்றவளின் பால். நான் சும்மா கற்பனை பண்ணவில்லை. நியூ கினியிலும் அமேசான் காட்டிலும் பெண்கள் விலங்குக் குட்டிகளுக்குத் தாய்ப்பால் கொடுத்ததை மானுடவியல்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்தவள் மார்பு கட்டிக்கொண்டு துடிப்பதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். பால் வந்துகொண்டேதான் இருக்கும், குடிக்க வாய் இருக்காது. உன் கதையின் தொடக்கம் அங்கே இருக்கலாம் என்பது என் எண்ணம். பையனை விட்டுவிட்டு அவன் அம்மாவைக் கதைக்குள் கொண்டு வா. அவளை நீ பதினேழாம் பக்கத்தில் ஒரே வரியில் சாகடித்துவிட்டாய். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்கூட.

அடுத்தது கண். "அதன் கண்கள் அவன் கண்களோடு பேசின" என்று மட்டும் ஆறு இடத்தில் வருகிறது. எண்ணினேன். நாய் பேசும், ஒத்துக்கொள்கிறேன். பீரோவுக்கு அடியில் பிஸ்கட் உருண்டு போனால் நம் வீட்டு நாய் என்ன செய்யும்? இரண்டு தடவை மூக்கை நுழைத்துப் பார்க்கும். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்க்கும், பீரோவைப் பார்க்கும், மறுபடி என் முகம். 'எடுத்துக் குடேன்' என்று அதற்கு அர்த்தம். புடாபெஸ்டில் ஆடம் மிக்லோஷி குழுவினர் இதையே சோதனையாக வைத்து 2003-ல் வெளியிட்டார்கள். கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் இறைச்சியை எடுக்கும் வழியைப் பழக்கிவிட்டு, பிறகு எடுக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். நாய்கள் சீக்கிரமே கூட இருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தன. ஓநாய்கள் இறைச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தன. அதே மாதிரி வளர்த்தும் முகம் பார்க்கும் பழக்கம் அவற்றுக்கு வரவில்லை.

நாய் கண்ணை அகலமாக்கிப் பாவமாகப் பார்க்குமே, அதற்கு உள்புருவத்தைத் தூக்கும் ஒரு சின்னத் தசை வேண்டும். நாய்களில் அது நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களில் கிட்டத்தட்ட இல்லை. 2019-ல் அறுத்துப் பார்த்து எழுதினார்கள். ஆக, உன் ஓநாய் மூன்றாம் அத்தியாயத்தில் "கெஞ்சும் விழிகளோடு" பார்க்க வழியே இல்லை. கெஞ்சத் தசை வேண்டும் கண்ணு!

இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு இதில்தான் கதை தெரிகிறது. அந்தப் பெண் பால் கொடுத்து வளர்த்த குட்டி அவள் கூப்பிட்டால் வருகிறது, அவள்மேல் படுத்துத் தூங்குகிறது. ஆனால் அவள் முகத்தைத் தேடுவதில்லை. அவள் தேடிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு வயசு வாக்கில் அது பருவத்துக்கு வரும். ஏதோ ஒரு குளிர்காலத்தில் இணை தேடிக் கிளம்பிப் போய்விடும். போகும்போது திரும்பிப் பார்க்குமா? நீதான் சொல்ல வேண்டும். நான் என்றால் பார்க்க வைக்க மாட்டேன்.

ஒரு பையன் வாழ்நாளில் ஓநாய் நாயாகாது என்பதையும் மனசில் வை. சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் பக்கம் பெல்யாயெவ் என்பவர் 1959-ல் நரிகளை வைத்து ஒரு வேலை தொடங்கினார். மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளில் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. ஆனால் அங்கே ஒருவர் கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார். உன் குகைக்காரர்களுக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை. மிரளாதது நெருப்புக்குப் பக்கத்தில் தங்கியது, மிரண்டது போய்விட்டது. பாட்டி, மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று கதையை இழுத்தால் தாங்கும்.

சில்லறைத் திருத்தங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஓநாய் ராத்திரியெல்லாம் குரைத்துக் காவல் காக்காது, எப்போதாவது ஒரு குரைப்பு, அவ்வளவுதான். பையன் அதற்குத் தானியக் கஞ்சி ஊற்றுகிறான். பயிர்த்தொழிலே வராத காலம் அது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்களுக்குப் பல படிகளாகப் பெருகியிருப்பதை 2013-ல் கண்டார்கள், ஓநாய்க்கு அந்த வசதி கிடையாது. பிறகு அந்தத் தலைவன் சண்டை. கூட்டத்தில் பலசாலி மற்றவர்களை அடித்துப் போட்டுத் தலைவனாகிறான் என்ற எண்ணம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை அடைத்துவைத்துப் பார்த்ததில் வந்தது. ஷெங்கெல் என்பவர் 1947-ல் எழுதினார். அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், 1999-ல் அவரே திருத்திக்கொண்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். நம் தோட்டத்துச் சாளை வீட்டுக் குடும்பம் மாதிரி. அந்தச் சண்டைக் காட்சியைத் தூக்கிவிட்டால் பதினோரு பக்கம் மிச்சம்.

உன் கிழவர் ஒருவர் "ஓநாயை நம்பாதே, அது திருட்டு ஜாதி" என்கிறார். அங்கே நின்றுவிட்டேன். நம் பக்கம் 'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்' என்று சொல்லித்தான் வளர்ந்தோம். பட்டி போட்டு ஆடு அடைக்கிறவர்கள் வாயிலிருந்து வந்த சொல் அது. ஆடு யாருக்காவது சொந்தமானால்தானே ஓநாய் திருடனாகும்? செம்மறியும் வெள்ளாடும் மனிதர் கைக்கு வந்து சுமார் 10,000, 11,000 ஆண்டுதான் ஆகிறது, அதுவும் மேற்கு ஆசியாவில். உன் கதை அதற்கு முன்னால் நடக்கிறது. மனிதர் பழக்கிய முதல் விலங்கே நாய்தான். ஓநாய்மேல் வன்மம் வளர ஒரு பட்டியோ ஒரு கிடாயோ இல்லாத உலகம் அது. அந்தக் கிழவருக்கு ஓநாய் தன்னைப் போலவே குடும்பமாக வேட்டையாடுகிற, தனக்கு வர வேண்டிய மானைச் சில நாள் முந்திக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரன். எரிச்சல் இருக்கும், பொறாமை இருக்கும், கொஞ்சம் மரியாதையும் இருக்கும். இந்த மனநிலையை நாம் யாரும் வாழ்ந்ததில்லை. அதை நீ எழுதிக் காட்டினால் மற்றக் குறையெல்லாம் எனக்குக் கண்ணில் படாது. (இன்றைக்கு எங்கள் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் குதறுவது தெருநாய் என்பது வேறு விஷயம். அழ ஓநாய்கூட இல்லை.)

இறைச்சியை ஓநாய்க் குட்டிகளோடு ஏன் பங்கு போட வேண்டும் என்று நீ கேட்டாய். 2021-ல் ஃபின்லாந்து ஆய்வாளர் லாஹ்டினென் குழு ஒரு யோசனை சொன்னது. கடுங்குளிரில் மான்கள் மெலிந்து கொழுப்பு வற்றிவிடும். கொழுப்பில்லாத இறைச்சியை மட்டுமே தின்றால் மனித உடம்பு தாங்காது, ஓநாய் தாங்கும். அதனால் கொழுப்பும் மஜ்ஜையும் மனிதருக்கு, மிஞ்சிய செங்கறி குட்டிகளுக்கு. யோசனைதான், நிரூபணமாகவில்லை. ஆனால் கதைக்கு எவ்வளவு நல்ல அடுப்படி வேலை! எலும்பை உடைத்து மஜ்ஜையை வழித்துக்கொண்டு கறியைத் தூக்கிப் போடுகிற கை.

இனி நம் பழைய நாய் மணி. நீ ஐந்தாவது படிக்கும்போது லீவுக்கு வந்தபோது பார்த்திருப்பாய், பின்னங்கால் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். நீகூட "டான்ஸ் ஆடுது அத்தை" என்று சிரித்தாய். அதற்கு நாலு மாச வயசில் டிஸ்டெம்பர் என்ற நாய்க் காய்ச்சல் வந்தது, அது விட்டுப்போன துடிப்பு அது. காலையில் பார்த்தால் இரண்டு கண்ணும் சீழில் ஒட்டிக் கிடக்கும். வெந்நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டியதை ஊறவைத்து, மெல்லத் துடைத்தால்தான் திறக்கும். மூக்கு வெடித்துப் பொருக்காகியிருக்கும். பாதம் தோல் செருப்பு மாதிரி கெட்டியாகிவிடும். பிறகு தாடை தானாக மெல்லும், வாயில் ஒன்றுமே இருக்காது. கோணிப்பையில் சுற்றி அடுப்போரம் வைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தோரம் விடுவேன். பாதி வழிந்துவிடும். மூன்று வாரம். ஆஸ்பத்திரியில் எத்தனையோ குட்டிக்கு "இது தேறாதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். மணிக்கு மட்டும் ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

உன் கதை நடக்கும் அதே ரைன் கரையில், ஜெர்மனியின் பான் நகரத்தையொட்டிய ஓபர்காசெலில், 1914-ல் கல்குவாரி ஆட்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஓர் இளம்பெண், செங்காவி தூவிய மண், கூடவே ஒரு விலங்கின் எலும்புகள். தாடையை முதலில் ஓநாயினது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். 1970-களின் கடைசியில்தான் அது நாய் என்று தெரிந்தது. ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழசு. லூக் யான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவர் (நம்ம ஜாதி!) அதன் பற்களைத் திரும்ப எடுத்துப் பார்த்து, குழுவோடு சேர்ந்து 2018-ல் எழுதினார். குட்டி நோயில் படுக்கும்போது, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் அந்த நாட்களில் சரியாகப் படியாது, கோடு விழுந்துவிடும். அந்தக் கோடுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால், பத்தொன்பதாம் வாரத்திலிருந்து இருபத்து மூன்றாம் வாரத்துக்குள் மூன்று தடவை நோய் முற்றியிருக்கிறது. பெரும்பாலும் டிஸ்டெம்பர்தான் என்கிறார்கள். செத்தது இருபத்தெட்டாம் வாரம் வாக்கில். யாரோ தண்ணீர் புகட்டி, குளிர் படாமல் பார்த்து, துடைத்து விட்டிராவிட்டால் முதல் தடவையே போயிருக்கும் என்பது அவர்கள் முடிவு.

மூன்று தடவை. அந்த நிலையில் அந்தக் குட்டியால் வேட்டைக்கும் பிரயோசனம் இல்லை, காவலுக்கும் இல்லை. படித்துவிட்டு அந்தக் கட்டுரையை மூடிவைத்தேன். வெந்நீர்ப் பஞ்சு கையில் ஒட்டியது போலவே இருந்தது. அவர்களிடம் பஞ்சு ஏது, பாசியோ தோல் துண்டோ வைத்திருப்பார்கள்.

உன் பையனும் ஓநாயும் சேர்ந்து காட்டெருமையை வீழ்த்தும் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட, பாட்டி பால் கொடுத்த ஓநாயின் எத்தனையோ தலைமுறை தாண்டிய ஒரு குட்டி, ஒட்டிப்போன கண்ணைத் துடைத்து விடும்போது திறந்து முதல் தடவையாக அவள் பேத்தியின் பேத்தி முகத்தைத் தேடுகிற ஒரு பக்கம் எழுதேன். எழுத முடியும் உன்னால்.

பிரான்சின் ஷோவே ஓவியக் குகைச் சேற்றில் இருக்கும் அந்தக் காலடித் தடங்களைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறாய், குழந்தையும் ஓநாயும் ஜோடியாக நடந்ததாக. எட்டுப் பத்து வயசுப் பிள்ளையின் தடமும் நாய் இனத்து விலங்கின் தடமும் அங்கே இருப்பது உண்மை. தீப்பந்தத்தைச் சுவரில் தேய்த்த கரி சுமார் 26,000 ஆண்டுப் பழசு. ஆனால் இருவரும் ஒரே நாளில் நடந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உன் கதைக்கு 10,000 ஆண்டுக்கு மேல் முந்தியதும்கூட. அதை விட்டுவிடு, வேறு கதைக்கு ஆகும்.

மணியின் போட்டோ ஒன்று பழைய ஆல்பத்தில் கிடைத்தது. துடிக்கிற கால் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பொங்கலுக்கு வரும்போது திருத்தின கதையைக் கொண்டு வா, திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். அதற்குள் வேறெதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சரி, அந்த முள்ளை மட்டும் எடுத்துவிடு சாமி.

அன்புடன்,
அத்தை